தருமபுரி அலமாரியில் மூன்று கையெழுத்துகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரியில் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் காலமான பிறகு, அவர் வீட்டிலிருந்த நவீனக் கட்டடக்கலை நூல்கள் என்ன ஆயின என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மூவர் கையெழுத்து அவற்றில் இருந்தது. குடும்பம் பெரிதாக நம்பிய கையெழுத்து சோதனையில் நிற்கவில்லை. யாரும் பொருட்படுத்தாத மெல்லிய சிற்றேட்டிலிருந்த கையெழுத்து நின்றது. இதற்கிடையில் ஒரு தாள் மீட்க முடியாதபடி கெட்டுவிட்டது. குடும்பத்தாரின் அனுமதியோடு, பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கி எழுதுகிறேன். பழைய பொறியாளர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட அலமாரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்கப் போகிறவர்களை மனதில் வைத்தே இதை விரிவாக எழுதுகிறேன்.

## பின்னணி

அவர் 1950களில், கிருஷ்ணகிரி அருகே தென்பெண்ணையின் குறுக்கே அணை கட்டிய காலத்தில், ஓவர்சியராக வேலைக்குச் சேர்ந்தவர். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. புதிய மாவட்டத்துக்கு அலுவலகம், பள்ளி, ஊழியர் குடியிருப்பு என்று கட்ட வேண்டியவை ஏராளமாக இருந்தன. அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி அதில் கழிந்தது. படித்தது டிப்ளமோதான். ஆனாலும் கட்டடக்கலை நூல்களைத் தேடித் தேடி வாங்கினார். சென்னைக்கு அலுவலக வேலையாகப் போனால் மூர் மார்க்கெட், பெங்களூருக்குப் போனால் அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடைகள் என்று ஒரு சுற்று சுற்றாமல் ஊர் திரும்ப மாட்டார் என்று மகள் சொன்னார்.

மகள் கிருஷ்ணகிரி அருகே அரசுப் பள்ளி ஆசிரியை. மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே வீடு கட்டக் கடன் வாங்கியிருக்கிறார். தருமபுரி வீட்டை மகள் பார்த்துக்கொள்கிறார்.

தந்தையின் மறைவுக்குப் பின் வீட்டை ஒழித்தபோது, பொறியியல் கையேடுகளும் பழைய அரசுக் கட்டண விவரப் புத்தகங்களும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தவற்றில் கையெழுத்து உள்ள பக்கங்களை மகன் கைப்பேசியில் படம் எடுத்து, பெங்களூரில் உள்ள ஒரு பழைய நூல் வியாபாரிக்கு அனுப்பினார். அலமாரி முழுவதற்குமாக 1,20,000 ரூபாய் தருவதாக அவர் பதில் சொன்னார். அந்தத் தொகையின் பெரும்பகுதி ஒரே ஒரு நூலுக்கானது. சண்டிகர் நகரை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே கையெழுத்திட்டதாகக் கருதப்பட்ட நூல் அது.

விற்கும் முன் ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று மகள் நினைத்தார். நான் கிருஷ்ணகிரியில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். இந்திய நவீனக் கட்டடக்கலை தொடர்பான கையெழுத்திட்ட வெளியீடுகளை நீண்ட காலமாகச் சேர்த்து வருகிறேன். மகளுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வழியாக என்னிடம் வந்தார்கள். போவதற்கு முன்பே ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: இந்த அலமாரியிலிருந்து ஒரு தாளைக்கூட நான் வாங்க மாட்டேன். மதிப்புச் சொல்பவனும் வாங்குபவனும் ஒரே ஆளாக இருந்தால், அவன் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் குடும்பத்தின் மனதில் ஒரு முள் தங்கிவிடும். சேகரிப்பாளர்கள் எல்லோரும் இதைக் கட்டாய வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

## அலமாரியில் கண்டவை

நூல்கள் கூடத்து மர அலமாரியில் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் அந்துருண்டை. சில அட்டைகளின் ஓரத்தில் இராமபாணப்பூச்சி அரித்த தடம். ஆனால் கரையான் வரவில்லை. சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி அலமாரியை நிறுத்தியிருந்தார். அறிந்தே செய்த வேலை அது.

கவனிக்க வேண்டியவை என்று பிரித்து வைத்தவை இவை.

லெ கொர்புசியேயின் முழுப் படைப்புகள் 1929க்கும் 1970க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக சூரிச்சிலிருந்து வெளிவந்தன. பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் மூன்றும் சேர்ந்து வரும் அகலவாட்டு நூல்கள். அவற்றில் 1946 முதல் 1952 வரையிலான பணிகளைக் கொண்ட ஐந்தாம் தொகுதி இங்கே இருந்தது. மார்சேய் அடுக்குமாடிக் குடியிருப்பும் சண்டிகரின் தொடக்க வரைபடங்களும் அதில் உண்டு. முன்பக்க வெற்றுத் தாளில் நீல மையில் கையெழுத்து. அடியில் 'சண்டிகர்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்.

இந்தியக் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியாவின் 'தி நியூ லேண்ட்ஸ்கேப்', 1985இல் பம்பாயில் வெளிவந்த பதிப்பு. பொறியாளரின் பெயரை எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டிருந்தது.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் சிற்றேடுகள் மூன்று. திருச்சூரில் 1985இல் தொடங்கப்பட்ட காஸ்ட்ஃபோர்டு அமைப்பு வெளியிட்டவை. வீடு கட்டும் செலவைக் குறைப்பது பற்றிய சிற்றேட்டின் தலைப்புத் தாளில் கையெழுத்து இருந்தது. செங்கல் வேலை பற்றிய சிற்றேட்டில் தலைப்புத் தாளையே காணவில்லை. மூன்றாவதில் கையெழுத்து இல்லை.

கையெழுத்தில்லாத இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, 'மார்க்' இதழின் 1961 டிசம்பர் சண்டிகர் சிறப்பிதழ். முல்க் ராஜ் ஆனந்த் 1946இல் பம்பாயில் தொடங்கிய இந்த இதழின் பெயரே நவீனக் கட்டடக்கலை ஆய்வுக் குழு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான். மற்றொன்று, மைசூர் சமஸ்தானத்தில் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் பிற்காலத்தில் பிறருடன் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல வீடமைப்புக் கையேடு. அதில் தட்டெழுத்துத் தாள்கள் செருகி, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்புகள். சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்த அலமாரியின் சொந்தக்காரரை எனக்கு முதலில் காட்டிக் கொடுத்தது அந்தக் கையேடுதான்.

## லெ கொர்புசியே நூல்

குடும்பத்தில் நிலவிய கதை இது: அப்பா இளம் வயதில் சண்டிகருக்குப் போனார், அங்கே லெ கொர்புசியேயை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். உறவினர் பலர் இதை உறுதியாகச் சொன்னார்கள். அப்பா தன் வாயால் சொல்லிக் கேட்டதுண்டா என்று மகளிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "இல்லை சார், சித்தப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்" என்றார்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை உள்ளூர் நகை ஆசாரி ஒருவரிடம் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். மை தாளின் இழைகளில் ஊறிப் பரவியிருந்தது. கோடு முடியும் இடங்களில் தேங்கி அடர்ந்திருந்தது. அச்சு அல்ல, ரப்பர் முத்திரையும் அல்ல. ஒரு மனிதர் மைப்பேனாவால் எழுதியது. வியாபாரிக்குப் போன படத்திலும் இது தெளிவாகவே தெரிந்திருக்கும். இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். பேனாவால் எழுதப்பட்டது என்பதை மட்டும்தான் லூப் சொல்லும். யார் எழுதினார் என்று அது சொல்லாது.

அடுத்து, பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்தாம் தொகுதியின் முதல் பதிப்பு 1953. இந்தப் பிரதியிலோ அதற்கடுத்த மறுபதிப்புகளின் ஆண்டுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. கடைசி ஆண்டு 1965க்குப் பிந்தியது. லெ கொர்புசியே 1965 ஆகஸ்ட் 27 அன்று தென் பிரான்சில் கடலில் நீந்தும்போது இறந்தார். அவர் இறந்த பிறகு அச்சான தாளில் அவர் கையெழுத்திட்டிருக்க முடியாது. ஆய்வு அந்தப் பக்கத்தோடு முடிந்தது. கையெழுத்தின் வளைவுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலில் ஒரு விலை எழுதியிருந்தது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் எழுதும் விதம். அப்பா வரவு செலவு எழுதி வைத்த நோட்டுகள் உண்டா என்று கேட்டேன். பரணில் ஒரு துணிப்பையில் இருந்தன. தேடியதில், 1970களின் ஒரு நோட்டில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய புத்தகங்களின் பட்டியல் கிடைத்தது. இந்த நூலும் அதில் இருந்தது, விலையும் ஒத்துப்போனது. 'கையெழுத்து' என்ற பேச்சே அந்தப் பதிவில் இல்லை. 1950களின் பிற்பகுதி முழுவதும் அவர் அணை வேலையில் இருந்ததற்கான பயணப்படிக் கணக்குகளும் அதே பையில் இருந்தன.

ஆக, அந்தக் கையெழுத்தை அவர் வாங்கவும் இல்லை, வாங்கியதாகச் சொல்லவும் இல்லை. கதையைக் கட்டியவர்கள் மற்றவர்கள். இது மகளுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். பணம் போனது பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நோட்டிலிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

## பேக்கர் சிற்றேடு

லாரி பேக்கர் 1917 மார்ச் 2 அன்று பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். ஏழைக்கும் எட்டும் விலையில், உள்ளூர்ப் பொருளில், பூச்சில்லாத செங்கல் சுவர்களில் அவர் கட்டிய வீடுகள் ஒரு தலைமுறைப் பொறியாளர்களின் பார்வையையே மாற்றின. அவருடைய சிற்றேடுகளை ஒருமுறை கையில் எடுத்தவர்கள் மறக்க மாட்டார்கள். எழுத்துக் கோர்ப்பு எதுவும் கிடையாது. அவர் தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் படம் வரைந்து தந்ததை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். மலிவான தாள், நடுவில் இரண்டு பின் ஊசிகள், அவ்வளவுதான்.

இதனால் ஒரு விசித்திரமான சிக்கல் எழுந்தது. பக்கம் முழுவதும் கையால் எழுதியதுபோலத் தெரிவதால், முழுச் சிற்றேடும் பேக்கர் தங்களுக்காகவே எழுதித் தந்தது என்று குடும்பத்தில் சிலர் எண்ணியிருந்தார்கள். வியாபாரியோ நேர் எதிராக எண்ணினார். எல்லாமே அச்சு என்பதால் கையெழுத்தும் அச்சுதான் என்று ஒதுக்கிவிட்டார்.

லூப்பின் கீழ் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அச்சான வரிகளில் கறுப்பு எங்கும் ஒரே சீராக, தாளின் மேல் தட்டையாகப் படிந்திருந்தது. கையெழுத்துக் கோட்டிலோ நடுவில் மெல்லிய வெள்ளைக் கீறல். வளைவு திரும்பும் இடங்களில் பிசுக்கென்று மைத் திட்டு. பால்பாயின்ட் பேனாவின் குண்டு உருண்டு போன தடம் அது. ஜன்னல் கதவை ஒருக்களித்துச் சாய்வான வெளிச்சத்தில் தாளைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் கோடு புடைத்து நின்றது. விரல் நுனியாலேயே உணரலாம். அச்சு இப்படித் தாளை அழுத்தாது. என்னிடமுள்ள, வந்த வழி தெளிவாகத் தெரிந்த பேக்கர் கையெழுத்துகளோடும் ஒப்பிட்டேன், பொருந்தின.

செங்கல் சிற்றேட்டின் தலைப்புத் தாளைத் தேடியபோது, மகன் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். அதிலும் கையெழுத்து இருந்தது. தந்தை இறந்த சில வாரங்களில் அதைக் கிழித்தெடுத்து, பஸ் நிலையம் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்திருக்கிறார். "கெட்டுப் போகக் கூடாது என்றுதான் செய்தேன்" என்றார். அதை நான் முழுமையாக நம்புகிறேன். ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் என்று மதிப்புள்ள தாள் எதுவானாலும் லேமினேஷன் செய்வதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஆனால் சூடான உருளைக்குள் போகும்போது உறையின் உட்பக்கப் பசை உருகித் தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. பிரித்தால் தாளின் மேற்பரப்பும் சேர்ந்து உரிந்து வரும். கரைப்பான் ஊற்றி இளக்கலாம் என்றால், பசைக்கு முன்பே பால்பாயின்ட் மை கரைந்துவிடும்.

## சுவர்

கையெழுத்து உண்மையானது என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது: இது இவரிடம் எப்படி வந்தது? லெ கொர்புசியே நூலைப்போல இதுவும் கடையில் வாங்கியதாக இருக்கலாமே. விடை, கையெழுத்து உள்ள சிற்றேட்டின் ஓரங்களிலேயே இருந்தது.

பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்திக் கட்டும் முறை. இரண்டு வரிசை குத்துக் கற்களுக்கு நடுவே காற்றுக்கு இடம் விட்டு, இடையிடையே ஒரு கல்லைக் குறுக்கே வைத்து இணைப்பார்கள். சுவரின் தடிப்பு குறையாமல் செங்கல் கால் பங்கு அளவுக்கு மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்றினால் வெயில் காலத்தில் அறையில் வெப்பமும் குறையும். 9 அங்குல நீளமும் 3 அங்குலத் தடிப்பும் உள்ள கல்லானால், நடு இடைவெளி 3 அங்குலம். தருமபுரிச் சூளைக் கற்கள் அந்த அளவில் வருவதில்லை. பொறியாளர் பக்க ஓரத்தில் பென்சிலால் உள்ளூர்க் கல்லின் அளவை எழுதியிருந்தார்: எட்டே முக்கால், நாலே கால், இரண்டே முக்கால் அங்குலம். அதன் கீழே கணக்கு. இரண்டு கற்களின் தடிப்பு ஐந்தரை; எட்டே முக்காலில் அது போக இடைவெளி மூன்றே கால். பக்கத்திலேயே 'கல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டும்' என்று தமிழில் ஒரு குறிப்பு.

இதை வாய்விட்டுப் படித்தபோது மகள் எழுந்து, "பின்கட்டு அறையை வந்து பாருங்கள் சார்" என்றார்.

வீட்டின் மற்றச் சுவர்களெல்லாம் பூசி வெள்ளையடித்தவை. பின்கட்டில் ஓர் அறை மட்டும் பூசாத செங்கல். ஒரு நீளக் கல், ஒரு சிறு முகக் கல் என்று மாறி மாறி வரும் குத்துக்கல் வரிசை, எலிப்பொறிக் கட்டின் முகம். கொத்தனார் இதைக் கட்ட மாட்டேன் என்று மறுத்து, அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக் கொடுத்தது மகளுக்கு நினைவிருந்தது. அப்போது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் தண்ணீர்க் குழாய்க்காக அந்தச் சுவரில் போட்ட துளை ஒன்று சரியாக அடைக்கப்படாமல் இருந்தது. டார்ச் அடித்து, எஃகு அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தோம். இடைவெளி மூன்றே கால் அங்குலம். வெளியே கல்லின் நீளமும் அகலமும் ஓரக்குறிப்பில் கண்ட அளவே.

கையெழுத்து ஆய்வில் ஒரு சுவர் சாட்சி சொல்லி நான் பார்த்தது இதுதான். படித்தவர், கணக்குப் போட்டவர், கட்டியவர் எல்லாம் ஒரே மனிதர் என்பது அங்கே உறுதியாயிற்று.

கையெழுத்தோடு அவரை இணைக்கும் கண்ணி பரணிலிருந்த பையில் கிடைத்தது. 1988ஆம் ஆண்டு நோட்டுக்குள் ஒரு தபால் கார்டு. ஒழுங்கில்லாத கற்களை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில், கைவிரல் அளவில் ஒரு படம், அதே கையெழுத்து. மேலே திருவனந்தபுரம் தபால் முத்திரை, தேதியுடன். தபால் முத்திரையை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தக் கதையில் எந்த லாபமும் இல்லாத மூன்றாம் மனிதர் ஒருவர் அன்றாட வேலையாகக் குத்திய தேதி அது.

பாலக்கோட்டில் வசிக்கும், அவருடன் பணியாற்றிய பெரியவர் ஒருவரையும் போய்ப் பார்த்தோம். இருவரும் விடுப்பெடுத்துத் திருவனந்தபுரம் போனதையும், அந்நகரின் உள்ளூர் என்ற பகுதியில் பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களையும், தம்பானூரில் சுருள் வடிவில் மேலேறும் அவருடைய இந்தியன் காபி ஹவுஸையும் சுற்றிப் பார்த்ததையும், பிறகு பேக்கரைச் சந்தித்துச் சிற்றேடுகளில் கையெழுத்து வாங்கியதையும் சொன்னார். அவருடைய பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டது. அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற்றோம்.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு வியாபாரியைப் பற்றியது. அவர் முன்பணம் அனுப்பத் தயாராக இருந்தார். மகன் தயங்கினார்: "அக்கா, அவர் பார்த்துத்தானே வாங்குகிறார். நாம் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்?" கடன் சுமை உள்ள ஒருவர் இப்படிக் கேட்பது இயல்பு. மகள் சொன்ன பதில்: "அப்பா யாரையும் ஏமாற்றியதில்லை, தம்பி. அவர் பெயரில் இது போகக் கூடாது." நான் ஒரு காரணத்தை மட்டும் சேர்த்தேன். ஒரு பொய்க் கையெழுத்து 'தருமபுரிப் பொறியாளர் சேகரிப்பு' என்ற முகவரியோடு சந்தைக்குப் போனால், பிறகு அதே முகவரியிலிருந்து வரும் உண்மையான பேக்கர் கையெழுத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். பதிப்பு விவரப் பக்கத்தின் படத்தை மகளே வியாபாரிக்கு அனுப்பினார்.

இரண்டாவது, கையெழுத்துத் தாளைத் தனியாகப் பிரிக்காமல் இருப்பது. உண்மை தெரிந்த பின் வியாபாரி பேக்கர் கையெழுத்தையும் தபால் கார்டையும் மட்டும் கேட்டார். சிற்றேட்டின் மற்றப் பக்கங்கள் பென்சில் கிறுக்கலால் 'கெட்டவை' என்றார். எங்கள் பார்வையில் அந்தக் கிறுக்கல்தான் பொக்கிஷம். திருவனந்தபுரத்தில் பிறந்த ஒரு யோசனை தருமபுரிச் சூளைக் கல்லின் அளவுக்கு எப்படி மாற்றப்பட்டது என்பதற்கு வேறு எந்த ஆவணமும் இல்லை. சிற்றேடுகள், கார்டு, கணக்கு நோட்டுகள், சுவரின் அளவுப் படங்கள், பெரியவரின் வாக்குமூலம் எல்லாம் ஒரே தொகுப்பு என்று தீர்மானித்தோம்.

மூன்றாவது, லேமினேஷன் தாளைத் தொடாமல் விடுவது. வெயில் படாத உறையில், அது எந்தச் சிற்றேட்டிலிருந்து வந்ததோ அதனுடனேயே வைத்தோம். கிழிந்த விளிம்பும் சிற்றேட்டின் மிச்ச விளிம்பும் பொருந்துவதைப் படமெடுத்துச் சேர்த்தோம். பின் ஊசிகள் துருவேறி, சுற்றியுள்ள தாள் பழுப்பாகியிருந்தது. அவற்றை வீட்டில் பிடுங்கிப் பார்க்காமல், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுத்து நூல் தையலாக மாற்றினோம். உள்ளூர் பைண்டிங் கடைக்கு எதையும் அனுப்பவில்லை. ஓரம் வெட்டிச் சீராக்குவது அந்தத் தொழிலின் நல்ல பழக்கம். ஆனால் இங்கே ஓரம் போனால் குறிப்புகள் எல்லாம் போய்விடும்.

கொரியா நூல் எளிதாக முடிந்தது. பொறியாளரின் பெயர் எழுதிய வரி விலையைக் குறைக்கும், அதை அழித்துவிட்டால் நல்லது என்று வியாபாரி மகனிடம் முன்பே சொல்லியிருந்தார். நல்லவேளையாக அவர் அதைச் செய்யவில்லை. பெயர் எழுதித் தேதியிட்ட வரிதான் கையெழுத்துக்குப் பெரிய காவல். வெறும் கையெழுத்தை யாரும் போலி செய்யலாம். நாட்குறிப்பும் பயணக் கணக்கும் இருக்கும் ஒரு பொறியாளருக்கு, குறிப்பிட்ட நாளில் பெங்களூரில் எழுதித் தந்த வரியைப் போலி செய்வது கடினம். நோட்டில் அந்த நாளின் பஸ் கட்டணமும் நூல் விலையும் இருந்தன.

வெளிநாட்டு விற்பனை பற்றியும் பேச்சு எழுந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம் 75 ஆண்டுகளுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் கட்டுப்படுத்துகிறது. இங்கே இருந்தவை அந்த வயதை எட்டவில்லை. சட்டத் தடை இல்லை என்றாலும், பேக்கர் தொகுப்பு தென்னிந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று அக்காவும் தம்பியும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

## பின்னர் நடந்தவை

பெங்களூர் வியாபாரி தன் விலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மனக்கசப்பு எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதினார். கொரியா நூலும் 'மார்க்' சிறப்பிதழும் கையெழுத்தில்லாத மற்ற நூல்களும், பலரிடம் விலை கேட்டு, இரண்டு சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டன. கொரியா நூலோடு நோட்டுப் பக்கத்தின் நகலும் போனது. கிடைத்த தொகை வியாபாரி முதலில் சொன்னதில் பாதிக்கும் குறைவு. அது முழுவதையும் மகள் தம்பிக்கே கொடுத்தார்.

லெ கொர்புசியே தொகுதி மகளிடம் இருக்கிறது. கையெழுத்தை அழிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் மென்மையான பென்சிலால், பதிப்பாண்டையும் மறைந்த ஆண்டையும் குறித்து, கையெழுத்து உண்மையானதல்ல என்று எழுதி வைத்தோம். தனிச் சீட்டு வைத்தால் அடுத்த கைக்குப் போவதற்குள் தொலைந்துவிடும். நூல் என்ற அளவில் அது அருமையான நூல்தான்; சண்டிகரின் வரைபடங்களைப் படிக்க விரும்பும் மாணவருக்கு அந்தப் பிரதி முழுப் பயன் தரும்.

பேக்கர் தொகுப்பு, பிரிக்கக் கூடாது என்ற எழுத்து ஒப்பந்தத்தோடு, ஒரு கட்டடக்கலைக் கல்லூரியின் நூலகத்துக்குப் போனது. அங்கிருந்து மாணவர்கள் சிலர் தருமபுரிக்கு வந்து, பின்கட்டுச் சுவரை முழுவதுமாக அளந்து வரைந்து கொண்டு போனார்கள். குழாய்த் துளையை அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மகள் அதற்கு ஒரு சிறு மரக் கதவு போட்டிருக்கிறார்.

பாலக்கோட்டுப் பெரியவர் அடுத்த ஆண்டு காலமானார். அவருடைய குரல் பதிவின் ஒரு பிரதி அவர் குடும்பத்திடமும் இருக்கிறது.

## மாற்றிக்கொண்டவை

இப்போது ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், புத்தகங்களைக் கடைசியில்தான் பார்க்கிறேன். நேரில் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் தொலைபேசியிலேயே நான் கேட்கும் முதல் கேள்வி. அடுத்து கணக்கு நோட்டு, நாட்குறிப்பு, கடிதம், தபால் உறை, பஸ் டிக்கெட், அழைப்பிதழ். இவைதாம் எடைக்கு முதலில் போகின்றன. பொறியாளரின் பரண் பை தப்பியது, அதை இறக்க ஏணி கிடைக்காததால்தான்.

நான் வரும் வரை எதையும் துடைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், பைண்டிங்குக்கும் லேமினேஷனுக்கும் கொடுக்க வேண்டாம் என்ற குறிப்பைத் தமிழில் எழுதி முன்கூட்டியே அனுப்புகிறேன். கூடவே, கையெழுத்துப் பக்கத்தைப் படமெடுப்பவர்கள் பதிப்பு விவரப் பக்கத்தையும் பின்னட்டையின் உட்புறத்தையும் சேர்த்து எடுத்து அனுப்பும்படி கேட்கிறேன். லெ கொர்புசியே நூலின் கேள்வி இந்த ஒரு படத்திலேயே தீர்ந்திருக்கும். அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே அந்த இரண்டு வாரக் கசப்பும் வந்திருக்காது.

அந்துருண்டையை நூல்களுக்கு நேரடியாக நடுவில் வைக்காமல், அலமாரியை மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தாலே இராமபாணப்பூச்சி பெருமளவு கட்டுப்படும். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அலமாரி போடும் முறையை அந்தப் பொறியாளரிடமிருந்து எடுத்துக்கொண்டு, போகும் வீடுகளிலெல்லாம் சொல்லி வருகிறேன்.

குடும்பத்தாரிடம் என்ன மாற்றியிருப்பீர்கள் என்று கேட்டேன். மகன், ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன் என்றார். மகள், எடைக்குப் போன கட்டண விவரப் புத்தகங்களின் ஓரங்களிலும் அப்பா குறிப்புகள் எழுதியிருந்தார் என்று சொன்னார். பேப்பர் கடையில் விசாரித்தபோது அந்தக் கட்டுகள் ஏற்கெனவே ஆலைக்குப் போயிருந்தன.